இருபது எழுத்து மட்டும் தெரிந்த கணிப்பான்: எக்ஸ்பசியின் சமமின் புள்ளிச் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், கிளிநொச்சியில் ஏ9 வீதிக்குச் சற்று உள்ளே நான் உயிர்இரசாயனம் சொல்லிக்கொடுக்கும் வீட்டு விறாந்தையில், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் தமது போனை என் முன்னே நீட்டினார். "சேர், பொசுபேற்று போட்டாலும் போடாட்டிலும் ஒரே விடைதான் வருது" என்றார். ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பெப்தைட்டு ஒன்றின் சமமின் புள்ளியை (அதன் மின்னேற்றங்கள் சரிக்குச் சரியாகும் பி.எச். பெறுமானத்தை), இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு கணிப்பானில் அவர் பார்த்திருந்தார். சாதாரணப் பெப்தைட்டுக்கு 8.75, செரீனில் பொசுபேற்று ஏறிய பெப்தைட்டுக்கும் அதே 8.75. பாடக்குறிப்பில் உள்ளபடி செரீனின் எழுத்துக்கு முன்னே சிறிய 'பி' ஒன்றைச் சேர்த்து அவர் தட்டச்சிட்டிருந்தார். மூலக்கூற்றுத் திணிவைப் பார்த்த பிறகுதான் சங்கதி விளங்கியது. பொசுபேற்று ஏறினால் திணிவு ஏறக்குறைய 80 கூட வேண்டும். திரையில் 97 கூடியிருந்தது. அந்தக் கணிப்பான் சிறிய 'பி'யைப் புரோலீனின் எழுத்தான பெரிய 'பி'யாக எடுத்து, புரோலீன் ஒன்றை இடையில் செருகி, ஒரு சொல் எச்சரிக்கையும் இல்லாமல் விடை தந்திருந்தது. புரோலீனின் பக்கச் சங்கிலிக்கு (ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் தனித்துவமான பகுதிக்கு) மின்னேற்றம் கிடையாது என்பதால் சமமின் புள்ளி அசையவே இல்லை.

அந்தக் கணிப்பானின் பெயர் இங்கே தேவையில்லை. அந்த மாலைக்குப் பிறகு என் வகுப்புக்கு ஒரே ஒரு சேவையைத்தான் வைத்துக்கொள்வது என்று தீர்மானித்து, எக்ஸ்பசி தளத்தில் உள்ள 'கொம்பியூட் பி.ஐ./எம்.டபிள்யூ.' என்ற கணிப்பானை ஒரு தவணை முழுவதும் பயன்படுத்தினோம். பக்கச் சங்கிலி மாற்றப்பட்ட பெப்தைட்டுகளுக்கு அது எவ்வளவு தூரம் உதவும், எங்கே கைவிடும் என்பதையே இந்த மதிப்பீட்டில் எழுதுகிறேன்.

எக்ஸ்பசி 1993 ஆகஸ்டில் தொடங்கிய தளம். இன்று சுவிஸ் உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. பதிவு செய்யத் தேவையில்லை, கட்டணம் இல்லை. பக்கத்தில் ஒரு பெட்டி, இரண்டொரு தெரிவுகள், ஒரு பொத்தான் என்பவற்றைத் தவிர வேறு சோடனை எதுவும் கிடையாது. இந்த எளிமையைக் குறையாகச் சொல்பவர்களும் உண்டு. ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவருக்கு, மழை நாளில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கியிருக்கும்போதும் அந்தப் பக்கம் திறந்துகொண்டது. படங்கள் நிறைந்த வேறு இரண்டு தளங்கள் பாதியிலேயே நின்றுவிட்டன. வன்னியில் இருந்துகொண்டு ஒரு இணையச் சேவையை மதிப்பிடும்போது இதற்குத் தனியாகப் புள்ளி போடாமல் இருக்க முடியாது.

சமமின் புள்ளி என்பது ஒரு மூலக்கூறின் நேர் ஏற்றங்களும் மறை ஏற்றங்களும் சரிக்குச் சரியாகி, நிகர ஏற்றம் பூச்சியமாகும் பி.எச். பெறுமானம். பெப்தைட்டு ஒன்றில் ஏற்றம் பெறக்கூடியவை சில இடங்கள்தாம்: ஒரு முனையில் அமினோக் கூட்டம், மறுமுனையில் காபொட்சைல் கூட்டம், இடையில் லைசீன், ஆர்ஜினீன், ஹிஸ்டிடீன், அஸ்பார்ட்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், சிஸ்டீன், தைரோசீன் ஆகிய ஏழின் பக்கச் சங்கிலிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பி.கே. பெறுமானம் உண்டு, அந்தப் பி.எச்.சில் அக்கூட்டத்தின் பாதி புரோத்தனைப் பிடித்திருக்கும், பாதி விட்டிருக்கும். கணிப்பான் செய்வதெல்லாம், ஒரு பி.எச்.சை எடுத்து எல்லாக் கூட்டங்களின் ஏற்றத்தையும் கூட்டிப் பார்த்து, பூச்சியம் வரும்வரை மேலும் கீழும் நகர்வதுதான். சந்தையில் நிறுவைக்காரர் படிக்கல்லைக் கூட்டிக் குறைத்துத் தராசு முள்ளை நடுவுக்குக் கொண்டுவருவதைப் போன்ற வேலை அது.

எக்ஸ்பசி பயன்படுத்துபவை ஆய்வாளர் பியெல்க்விஸ்ட்டும் சகாக்களும் 1993, 1994ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பி.கே. பெறுமானங்கள். லைசீனுக்கு 10.0, அஸ்பார்ட்டிக் அமிலத்துக்கு 4.05, குளுட்டாமிக் அமிலத்துக்கு 4.45, ஹிஸ்டிடீனுக்கு 5.98, காபொட்சைல் முனைக்கு 3.55, கிளைசீனில் தொடங்கும் பெப்தைட்டின் அமினோ முனைக்கு 7.5. இவை 9.2 மற்றும் 9.8 மோலர் யூரியா கொண்ட ஜெல் தகடுகளில், பி.எச். 4.5 முதல் 7.3 வரையான பகுதியில் பெப்தைட்டுச் சங்கிலிகள் ஓடிய தூரத்தை அளந்து பெறப்பட்டவை. மிகக் கூடிய கார இயல்புள்ள புரதங்களுக்கு இந்தக் கணிப்புப் போதாமல் இருக்கலாம் என்று எக்ஸ்பசியின் விளக்கப் பக்கமே சொல்லிவிடுகிறது. தன் எல்லையைத் தானே எழுதி வைக்கும் சேவைகள் குறைவு. ஆனால் அந்த விளக்கப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் மாணவர்கள் அதைவிடக் குறைவு.

நாங்கள் பரிசோதனைக்கு எடுத்த பெப்தைட்டு கிளைசீன், லைசீன், செரீன், லியூசீன், அலனீன் என்ற வரிசையில் ஐந்து எழுத்து. கணிப்பான் 8.75 என்றது. கைக்கணக்கும் அதுவேதான்: காபொட்சைல் முனை ஒரு மறை ஏற்றம் தருகிறது; அதைச் சரிக்கட்ட அமினோ முனையும் லைசீனும் சேர்ந்து ஒரே ஒரு நேர் ஏற்றத்தைத் தரும் இடம் வேண்டும்; அது 7.5க்கும் 10.0க்கும் நடுவில் இருக்கிறது. இப்போது லைசீனின் பக்கச் சங்கிலி நுனியில் உள்ள அமினோக் கூட்டத்தில் ஓர் அசற்றைல் கூட்டத்தை ஏற்றுவோம். அமைன் அமைட்டாகிவிடுகிறது; அமைட்டு இந்தப் பி.எச். எல்லைக்குள் புரோத்தனை ஏற்காது. நேர் ஏற்றம் போய்விடுகிறது. மிஞ்சியவை இரண்டு முனைகள் மட்டும். சமமின் புள்ளி 3.55க்கும் 7.5க்கும் நடுவில், 5.52க்கு இறங்கிவிடுகிறது. திணிவில் 42 மட்டுமே கூட்டும் ஒரு சின்னக் கூட்டம், சமமின் புள்ளியை மூன்று அலகுக்கு மேல் இழுத்து விழுத்துகிறது. பெரிய புரதமொன்றில் இதே மாற்றம் நடந்தால் ஏனைய ஏற்றக் கூட்டங்கள் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். நகர்வு சில நூறில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். பெப்தைட்டு சிறிதாக இருக்கும்போதுதான் ஒவ்வொரு பக்கச் சங்கிலிக்கும் இவ்வளவு கனம்.

எக்ஸ்பசியில் 'அசற்றைல் லைசீன்' என்று எழுத இடமில்லை. அதற்கு, இருபது அமினோ அமிலங்களுக்கு ஒவ்வொன்றாக உள்ள இருபது ஆங்கில எழுத்து மட்டுமே தெரியும். இங்கே ஒரு குறுக்கு வழி உண்டு: லைசீனின் எழுத்தை அழித்துவிட்டுக் குளுட்டமீனின் எழுத்தைப் போடுவது. குளுட்டமீனின் நுனியிலும் ஓர் அமைட்டுத்தான், ஏற்றம் பூச்சியம். கணிப்பான் 5.52 என்று சரியான விடையைத் தரும். ஏற்றத்தைப் பொறுத்தவரை இது ஏமாற்று வேலை அல்ல, உண்மையான சமன்பாடு. ஆனால் பக்கத்தில் அது சேர்த்துத் தரும் திணிவைத் தொடக்கூடாது. குளுட்டமீனும் லைசீனும் திணிவில் ஏறக்குறைய ஒன்று என்பதால், அசற்றைல் தரவேண்டிய 42 அங்கே காணாமற் போயிருக்கும். என் மாணவர்களில் இருவர் இந்த இடத்தில் சறுக்கினார்கள். ஆர்ஜினீன் ஏற்றமற்ற சிற்றுலீனாக மாறும்போதும் இதே ஆள்மாறாட்டம் செல்லும். லைசீனில் ஒன்றோ இரண்டோ மெதைல் ஏறினால் எதையும் மாற்றத் தேவையில்லை. நேர் ஏற்றம் அப்படியே இருக்கும். மூன்று ஏறினால் அது எந்தப் பி.எச்.சிலும் அகலாத ஏற்றமாகிவிடும், அப்போது லைசீனின் எழுத்து பொருந்தாது. மெதியோனீன் ஒட்சியேற்றத்துக்கும் கணிப்பானைத் திறக்க வேண்டியதில்லை. திணிவு 16 கூடும், ஏற்றம் அசையாது.

அசுப்பரசீன் அமைட்டை இழந்து அஸ்பார்ட்டிக் அமிலமாவது இந்தச் சேவைக்கு மிகவும் பொருந்திய மாற்றம், ஏனென்றால் விளைபொருள் இருபது எழுத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எங்கள் பெப்தைட்டில் செரீன் இருந்த இடத்தில் அசுப்பரசீன் இருந்தால் தொடக்கத்தில் அதே 8.75, அது அஸ்பார்ட்டிக் அமிலமானதும் 5.84. திணிவு கூடுவது ஒரே ஒரு அலகுதான். அசுப்பரசீனை அடுத்துக் கிளைசீன் நிற்கும் வரிசைகளில் இந்த மாற்றம் விரைவாக நடக்கும். வெப்பமும் கார நிலையும் அதை மேலும் விரைவாக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் மின்வெட்டு வந்து குளிர்சாதனப் பெட்டி பாதி நாள் நின்றுபோகும் ஊரில், பி.எச். 8 தாங்கற் கரைசலில் பெப்தைட்டைக் கரைத்து மேசையில் விட்டுவிட்டுச் சோறு தின்னப் போகிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் நான் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

பொசுபேற்றில்தான் சேவை தள்ளாடுகிறது. அந்த மாணவியின் கேள்விக்கும் இதுவே உரிய இடம். செரீனின் பக்கச் சங்கிலியில் ஏறும் பொசுபேற்று இரண்டு புரோத்தன்களை விடக்கூடியது: முதலாவதை பி.எச். 2க்கு அண்மையிலேயே விட்டுவிடும். இரண்டாவதை ஏறக்குறைய 6இல் விடும். இப்படி இரண்டு படிகளில் இறங்கும் எழுத்து இருபதுக்குள் ஒன்றுமில்லை. ஆய்வாளர்கள் பொசுபோசெரீனுக்குப் பதிலாக அஸ்பார்ட்டிக் அமிலத்தை வைப்பது வழக்கம் என்று மாணவர்கள் வாசித்திருந்தார்கள். அதையே கணிப்பானில் போட்டபோது 5.84 வந்தது. மறை ஏற்றம் இரண்டு என்பதால் இரண்டு அஸ்பார்ட்டிக் அமிலத்தைப் போட்டுப் பார்ப்போம் என்று இன்னொருவர் சொன்னார், 4.21 வந்தது. இரண்டுமே பிழை. கொப்பியில் போட்ட கணக்கு இப்படிப் போனது: எல்லாப் புரோத்தன்களும் ஏறிய நிலையில் ஏற்றம் கூட்டல் இரண்டு, பொசுபேற்றின் முதற்படி கழிந்தால் கூட்டல் ஒன்று, காபொட்சைல் முனை 3.55இல் கழிந்தால் பூச்சியம். பொசுபேற்றின் இரண்டாம் படி 6இல் கழிந்தால் கழித்தல் ஒன்று. பூச்சியத்துக்கு இரு புறமும் நிற்பவை 3.55உம் 6உம், நடுப்புள்ளி ஏறக்குறைய 4.8. ஓர் அஸ்பார்ட்டிக் அமிலம் அதற்கு ஓர் அலகு மேலே விட்டது. இரண்டு போட்டபோது பாதி அலகுக்கும் மேலாகக் கீழே போய்விட்டது.

பி.எச். 4.8இல் பொசுபேற்று ஒரு மறை ஏற்றத்தை மட்டுமே முழுமையாகத் தருகிறது, இரண்டாவது ஏற்றம் இன்னும் எட்டிப் பார்க்கும் நிலையில்தான் இருக்கிறது என்பதை அந்த மாணவி தாமாகவே சொல்லிவிட்டார். கணிப்பான் தந்த பிழையான இரண்டு விடைகளும் இல்லாவிட்டால் அந்த விளக்கம் இவ்வளவு சீக்கிரம் வந்திராது என்பதையும் சேவையின் கணக்கில் வரவு வைக்கிறேன்.

முனைகளை மூடுவது அடுத்த வழு. கடையில் வாங்கும் செயற்கைப் பெப்தைட்டுகளில் பல, அமினோ முனையில் அசற்றைலும் காபொட்சைல் முனையில் அமைட்டும் ஏற்றப்பட்டு வருகின்றன. எக்ஸ்பசியில் முனை மூடப்பட்டது என்று சொல்ல ஒரு பெட்டிகூட இல்லை. இரண்டு முனைகளும் திறந்தே இருப்பதாக அது கொள்ளும். எங்கள் பெப்தைட்டின் அமினோ முனையை மட்டும் மூடினால் 3.55க்கும் 10க்கும் நடுவே 6.78 வரவேண்டும். காபொட்சைல் முனையை மட்டும் மூடினால் மறை ஏற்றம் தர எவரும் இல்லை. நேர் ஏற்றம் குறைந்துகொண்டே போகுமேயன்றிப் பூச்சியத்தைக் கடக்காது. அந்தப் பெப்தைட்டுக்குச் சமமின் புள்ளி என்று ஒன்று இல்லவே இல்லை. 'விடை இல்லை' என்பதும் ஒரு விடை என்று ஏற்க மாணவர்களுக்கு நேரம் எடுக்கிறது. எண் கேட்டால் எண் தரும் பெட்டிகளுடன் பழகியதன் விளைவு அது.

இனி யூரியாவுக்கு வருகிறேன். இந்தச் சொல்லை வன்னியில் விளக்க வேண்டியதில்லை. இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்பவர் வீட்டுத் திண்ணையில் ஐம்பது கிலோப் பை சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டபோது அந்தப் பைக்காக அலைந்த அலைச்சல் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே மூலக்கூற்றைத்தான் புரத ஆய்வுகூடத்தில் எட்டு, ஒன்பது மோலர் செறிவில் கரைத்துப் புரதங்களின் மடிப்பைக் குலைக்கிறார்கள். எக்ஸ்பசியின் பி.கே. பெறுமானங்களே யூரியாவுக்குள் அளக்கப்பட்டவை என்று மேலே சொன்னேன். கரைசலில் யூரியா சும்மா இருப்பதில்லை. மிகச் சிறிய அளவில் அமோனியம் சயனேற்றுடன் சமநிலையில் நிற்கிறது, வெப்பம் ஏறினால் அது கூடுகிறது. அதிலிருந்து வரும் ஐசோசயனிக் அமிலம் லைசீனின் பக்கச் சங்கிலியையும் அமினோ முனையையும் பிடித்துக் காபமைல் கூட்டமாகக் குந்திக்கொள்கிறது. திணிவு 43 கூடும். நேர் ஏற்றம் போய்விடும். ஆகவேதான் யூரியாக் கரைசலில் உள்ள மாதிரியை 37 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டாம் என்று எல்லாச் செய்முறை ஏடுகளும் எச்சரிக்கின்றன. வன்னியில் வெயில் காலப் பிற்பகலில் அறையே அந்த வெப்பத்தை எட்டிப் பார்க்கும்.

இப்படிப் பாதி காபமைல் ஏறிய புரதத்தைச் சமமின் குவிப்புச் செய்தால் (மின்புலத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தன் சமமின் புள்ளியில் நிற்கும்வரை ஓட விட்டால்), ஒரே புரதம் ஒரு புள்ளியில் நில்லாமல் அமிலப் பக்கம் நோக்கி இரயில் பெட்டிகள்போல வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு நேர் ஏற்றத்தை இழந்த பிரதி. எங்கள் ஐந்தெழுத்துப் பெப்தைட்டில் கணக்கு இன்னும் கடுமையானது: லைசீனில் மட்டும் ஏறினால் 5.52, அமினோ முனையில் மட்டும் ஏறினால் 6.78, இரண்டிலும் ஏறினால் நேர் ஏற்றம் ஒன்றுமே இல்லை, சமமின் புள்ளியும் இல்லை, பெப்தைட்டு அமில முனை வரைக்கும் ஓடிவிடும். இவற்றில் முதலாவதை மட்டுமே எக்ஸ்பசி குளுட்டமீன் குறுக்கு வழியால் தரும். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் குருதியில் யூரியா தேங்கும்போது ஹீமோகுளோபினிலும் இதே காபமைல் கூட்டம் ஏறுவது கூடுகிறது என்பதை, வவுனியாப் பக்கத்து ஊர்களில் சிறுநீரக நோய் பேசப்படும் இந்நாட்களில் மாணவர்களுக்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சிஸ்டீனைப் பற்றிச் சுருக்கமாக: அயடோஅசற்றமைட்டால் மூடினால் அது ஏற்றமற்ற எழுத்தாகிவிடும், செரீனைப் போட்டுக் கணிக்கலாம், அயடோஅசற்றிக் அமிலத்தால் மூடினால் புதிதாக ஒரு காபொட்சைல் வந்து மறை ஏற்றம் கூடும். போத்தலின் பெயரில் இரண்டெழுத்து மாறினால் சமமின் புள்ளி எதிர்த்திசையில் போகும். தைரோசீனில் நைத்திரோக் கூட்டம் ஏறினால் அதன் பி.கே. ஏறக்குறைய 10இலிருந்து 7க்கு இறங்கும். இதற்கு இருபதுக்குள் எந்த எழுத்தும் ஆள்மாறாட்டம் செய்யாது.

இந்தக் கணக்கெல்லாம் கொப்பிக்குள் இருக்கும் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு இன்சுலின் நல்ல மருந்து. என் பெரியம்மாவின் வீட்டில் இரண்டு வகை இன்சுலின் இருந்தது: உருட்டிக் கலக்கிய பின் ஏற்றும் பால்போல் கலங்கியது ஒன்று, இரவில் ஒரு தடவை ஏற்றும் தண்ணீர்போல் தெளிந்த கிளார்ஜின் மற்றொன்று. "தெளிஞ்சது எப்பிடித் தம்பி நாள் முழுக்க நிக்குது?" என்று அவர் கேட்ட கேள்விக்கு விடை சமமின் புள்ளியில்தான் இருக்கிறது. ஏ, பி என்ற இரண்டு சங்கிலிகளால் ஆன மனித இன்சுலினின் சமமின் புள்ளி 5.4 அளவில். அதன் பி சங்கிலி முனையில் இரண்டு ஆர்ஜினீன்களைச் சேர்த்தால் இரண்டு நேர் ஏற்றங்கள் கூடிச் சமமின் புள்ளி 6.7க்கு ஏறுகிறது. போத்தலுக்குள் பி.எச். 4; அங்கே அது நேர் ஏற்றத்தோடு கரைந்து தெளிந்து நிற்கும். தோலுக்குக் கீழே பி.எச். 7.4, சமமின் புள்ளிக்கு அண்மையில் கரைதிறன் மிகக் குறைவு என்பதால் அங்கே படிந்து, மெல்ல மெல்லக் கரைந்து குருதிக்குள் போகும். வேறு இன்சுலினை அதே ஊசியில் கலக்க வேண்டாம் என்று தாதியர் சொல்வதும் இந்தப் பி.எச். காரணமாகத்தான். 2000ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்ற இந்த மருந்தில் ஏ சங்கிலியின் 21ஆம் இடத்து அசுப்பரசீனையும் கிளைசீனாக மாற்றியிருக்கிறார்கள், ஏனென்றால் அமிலக் கரைசலில் அந்த அசுப்பரசீன் அமைட்டை இழந்துவிடும்.

இதை எக்ஸ்பசியில் செய்துபார்க்க முயன்றோம். 'பி01308' என்ற தரவுத்தள இலக்கத்தைப் போட்டால் இன்சுலினின் முன்னோடிச் சங்கிலியும் அதன் பகுதிகளும் வருகின்றன; ஏ சங்கிலியைத் தனியாகக் கணித்தால் 3.8, பி சங்கிலி 6.9. இரண்டும் இருகந்தகப் பிணைப்பால் சேர்ந்த முழு மூலக்கூற்றை ஒன்றாகக் கணிக்கச் சேவையில் வழியில்லை. சராசரி எடுத்து 5.35 என்று சொன்ன மாணவர் தற்செயலாகத்தான் தப்பினார். எக்ஸ்பசியின் பி.கே. பெறுமானங்களையே எடுத்து, இரண்டு சங்கிலிகளின் நான்கு முனைகளையும், நான்கு குளுட்டாமிக் அமிலங்களையும், இரண்டு ஹிஸ்டிடீன்களையும், ஓர் ஆர்ஜினீனையும், ஒரு லைசீனையும் கையால் கூட்டியபோது 5.40 வந்தது. இரண்டு ஆர்ஜினீன்களைச் சேர்த்தபின் 6.76. மருந்துக்குச் சொல்லப்படும் எண்களுக்கு இவ்வளவு அண்மையில் ஒரு கைக்கணக்கு வந்து நின்றபோது விறாந்தையில் சற்று நேரம் எவரும் பேசவில்லை. டெட்டெமிர் என்ற மற்றோர் இன்சுலினில் பி சங்கிலியின் 29ஆம் இடத்து லைசீனின் பக்கச் சங்கிலியில் 14 காபன் கொண்ட கொழுப்பமிலத்தைக் கோத்திருக்கிறார்கள். அந்த லைசீனின் ஏற்றத்தை அழித்துக் கணித்தால் 4.9 அளவில் வருகிறது. ஆனால் அது நீண்ட நேரம் நிற்பது படிவதால் அல்ல, கொழுப்பமிலம் அல்புமினைப் பிடித்துக்கொள்வதால்.

வேறு சேவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆய்வாளர் கோஸ்லொவ்ஸ்கி 2016இல் வெளியிட்டு 2021இல் இரண்டாம் பதிப்பாக்கிய ஐ.பி.சி. என்ற கணிப்பான், ஒரே வரிசைக்குப் பல பி.கே. தொகுதிகளின் விடைகளை ஒரே பக்கத்தில் அடுக்கித் தருகிறது. முதல் தடவை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். நான் அதையே அதன் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். அவற்றில் ஒன்றான எம்போஸ் என்ற பி.கே. தொகுதியில் அமினோ முனைக்கு 8.6, லைசீனுக்கு 10.8, அதன்படி எங்கள் பெப்தைட்டின் சமமின் புள்ளி 9.7. எக்ஸ்பசியின் 8.75இலிருந்து ஏறக்குறைய ஓர் அலகு வித்தியாசம், அதுவும் மாற்றம் எதுவும் ஏறாத ஐந்தெழுத்துப் பெப்தைட்டுக்கு. ஆனால் லைசீனை அசற்றைலேற்றினால் எக்ஸ்பசியில் 3.23 இறங்குகிறது, எம்போஸில் 9.7இலிருந்து 6.1க்கு, அதாவது 3.6 இறங்குகிறது. தனி எண்ணில் இரண்டும் சண்டை பிடித்தாலும் நகர்வின் திசையிலும் பருமனிலும் ஒத்துப்போகின்றன. மாற்றப்பட்ட பெப்தைட்டுக்கு இந்தச் சேவைகளில் எதைப் பயன்படுத்தினாலும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே தொகுதியில் கணித்து வித்தியாசத்தை மட்டும் நம்புங்கள் என்பதே என் ஆலோசனை.

அஸ்ட்ராசெனெக்கா ஆய்வாளர்கள் 2023இல் திறந்த மூலமாக வெளியிட்ட பி.ஐ.கெமிஸ்ட் என்ற கணிப்பான், மாற்றப்பட்ட பெப்தைட்டுகளுக்கென்றே எழுதப்பட்டது. எழுத்து வரிசைக்குப் பதிலாக மூலக்கூற்றின் முழுக் கட்டமைப்பையும் அதற்குக் கொடுக்கலாம். அமைட்டுப் பிணைப்புகளில் வெட்டித் துண்டாக்கி, தெரிந்த அமினோ அமிலங்களுக்குத் தெரிந்த பி.கே. பெறுமானத்தையும் மற்றவற்றுக்குக் கணித்த பெறுமானத்தையும் வைத்துக் கூட்டும். ஆய்வுக்கு இதுவே சரியான கருவி. ஆனால் பைதன் நிறுவிய மடிக்கணினி வேண்டும். கட்டமைப்பை ஒற்றை வரியில் எழுதும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். என் வகுப்பில் மடிக்கணினி இருவரிடம்தான் இருக்கிறது.

எக்ஸ்பசியின் கணிப்பானுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். மாற்றம் ஏறாத பெப்தைட்டென்றால் நாலரை கொடுத்திருப்பேன். பொசுபேற்றுக்கும் மூடிய முனைக்கும் இரண்டே இரண்டு பெட்டிகள் இல்லாத குறைக்காக ஒன்றைக் கழித்தேன். புதிதாக ஒரு கணிப்பானைத் திறக்கும் எவரும் முதலில் இந்த ஐந்து எழுத்தைப் போட்டுப் பார்க்கலாம்: ஜி, கே, எஸ், எல், ஏ. 8.75 வந்தால் எக்ஸ்பசியின் தொகுதி, 9.7 வந்தால் எம்போஸ். பிறகு எஸ்ஸுக்கு முன்னே ஒரு சின்ன 'பி'யைச் சேருங்கள். விடை மாறாமல் திணிவு மட்டும் 97 கூடினால், அந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கொப்பியை எடுங்கள்.